வராது என்று சொன்னேன்

“இனிமே வராதுல்ல தங்கச்சி?”

என்னைப் பார்த்து ஒரு பெண் கேட்டது இது. நான் அப்போதே பதில் சொல்லிவிட்டேன். சரியான பதில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதியம் சாய்ந்த நேரம். எங்கள் வீட்டு மாடியறை. மரச் சன்னலின் சாய்பலகைகளுக்கு ஊடே வெயில் கோடு கோடாக இறங்கிப் பாயின்மேல் கிடந்தது. கீழே கடைத்தெருவில் ரிக்‌ஷா மணி. எந்தக் கடையிலோ மிளகாய் மூட்டையைப் பிரித்திருப்பார்கள். காற்றில் காரம் ஏறி வந்தது. தூங்கிக்கொண்டிருந்த என் மகள் செல்லம் கண் திறக்காமலேயே ஒரு தும்மல் போட்டாள்.

என் எதிரே நின்றவர் ஆமினா லாத்தா. லாத்தா என்றால் தமிழ் முஸ்லிம்களான அவர்கள் வழக்கில் அக்காள்; பேச்சின் கடைசியில் ஒரு மலாய் ‘லா’வும் வரும். எங்கள் கொல்லைக்கு எதிர்க்கொல்லை அவர்களுடையது. நடுவில் ஒரு சந்துதான். அவர் கணவர் தோளில் தண்டு வைத்து, ஒரு கூடையில் சோறும் மறு கூடையில் கறியும் சுமந்துபோய்த் துறைமுகத்தில் விற்பவர். அந்தக் கறிக்கு மசாலா அரைப்பதெல்லாம் லாத்தாவின் கை.

அவருக்கு வலது மார்பில் கட்டி. எனக்கு இடது மார்பை எடுத்து அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“வராது லாத்தா” என்றேன்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இப்போது என் தழும்பின் ஓரத்தில் மிளகளவு ஏதோ ஒன்று விரலில் தட்டுகிறது. அதை அவரிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்று எனக்குப் புரியவில்லை.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூட நாட்களை எழுதியிருந்தேன். இந்த வாரம் என் கல்யாணத்தை எழுதுவதாக எண்ணம். கை வேறு பக்கம் போய்விட்டது. இதையெல்லாம் பெண் ஒருத்தி பத்திரிகையில் எழுதலாமா என்று மூன்று நாள் பேனாவை மூடி மூடி வைத்தேன்.

மல்லிகை வாங்கிய மாதம்

செல்லத்துக்கு எட்டு மாதம் இருக்கும். குளிக்கும்போது இடது பக்கம் கெட்டியாக ஏதோ கைக்குத் தெரிந்தது. வலி இல்லை. அத்தையிடம் சொன்னேன். அத்தை என்பது என் மாமியார்; நல்லவர். தொட்டுப் பார்த்தார்.

“பால் கட்டிக்கிச்சு, வேறென்ன? அந்தப் பக்கத்த மட்டும் வத்த வச்சிட்டா தானா கரஞ்சிரும்.”

பால் வற்றுவதற்கு நம் வீடுகளில் செய்வது உங்களுக்குத் தெரியும். மல்லிகையை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். தினமும் மாலையில் அத்தையே கடைத்தெருவுக்குப் போய்ப் பூ வாங்கி வருவார். பொட்டலத்தைப் பிரித்து, ஈரத்தை உதறி, பூவைப் பரப்பி, பழைய வேட்டித் துணியால் சுற்றுவார். சுற்றும்போது ஊர்வம்பு ஏதாவது பேசுவார். எனக்குக் கண் செருகும்.

உண்மையைச் சொன்னால் அந்த மாதம் எனக்கு இன்பமாகவே இருந்தது. வீடு முழுவதும் வாசனை. கல்யாணப் பெண்ணைப்போல் என்னைப் பார்த்துக்கொண்டார்கள். செல்லம் வலது பக்கம் குடித்துக்கொண்டே, இடது பக்கத்துத் துணிக்கட்டை விரலால் நோண்டுவாள். முடித்துத் தலையைத் தூக்கினால் அவள் உதட்டில் வெள்ளையாக ஓர் இதழ் ஒட்டியிருக்கும். தெருச்சத்தம்கூடத் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

பால் வற்றியது. கட்டி அப்படியே இருந்தது.

நான் ஏழாம் வகுப்பு தேறியவள். சுகாதாரப் பாடத்தில் பரிசு வாங்கியவள். முதல் வாரமே டாக்டரிடம் ஏன் போகவில்லை? அத்தை மனம் நோகுமே என்றா? பூ வாசனையாக இருந்தது என்றா? ஒருநாள் துணிந்து டாக்டரிடமே கேட்டேன், அந்த ஒரு மாதம் தாமதிக்காமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, “இப்போது வந்துவிட்டீர்களே” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டு சொல்லை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். ஆறுதலாக ஒரு தரம் கேட்டது. பழியாக ஒரு தரம் கேட்டது.

அத்தை அதன்பிறகு மல்லிகை வாங்குவதில்லை. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குக்கூடச் செவ்வந்திதான். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

கரை சேராத படகு

மயக்க மருந்து கொடுக்கும்போது இங்கிலீஷில் எண்ணச் சொன்னார்கள். ஏழுவரை எண்ணினேன். பிறகு நான் கடலுக்கு அந்தப் பக்கமுள்ள பட்டர்வொர்த்துக்குப் போகும் நீராவிப் படகில் இருந்தேன்.

கடல் பால்போல் அசையாமல் இருந்தது. எதிர்க்கரை பக்கத்தில்தான் தெரிந்தது, தென்னைகளை எண்ணலாம். படகு ஓடிக்கொண்டே இருந்தது, கரை மட்டும் கிட்டே வரவில்லை. என் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முகம் பார்க்கத் தோன்றவில்லை. இடது பக்கம் மடியில் நான் வைத்திருந்த ஒரு பொருளை அவர்கள் பதமாக எடுத்துக்கொண்டார்கள். “பத்திரம்” என்று நான் சொன்னேன். அவ்வளவுதான்.

கண் விழித்தபோது மிஸ்ஸி என் உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவள்தான் பிறகு சுவர்ப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். எடுத்த பக்கத்துக் கை மேலே எழும்பாது. தினமும் சுவரோரம் நின்று விரல்களால் எறும்புபோல் ஏறவேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடவேண்டும். எங்கள் மாடிச்சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. செல்லத்தின் உயரத்தைக் குறிக்கத்தான் அவை என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நாங்களும் ஆமாம் என்கிறோம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் செல்லம் என் மடியில் ஏறி இடது பக்கம் கையை வைத்தாள். வைத்த கையை எடுத்துத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். டின் பாலுக்கு அவளைப் பழக்கிவிட்டிருந்தார்கள், அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊசி படுக்கும் மெத்தை

நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், தைப்பிங்கில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்ததாக அத்தை தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கல்யாணமாகாத நாத்தனார் வீட்டில் இருக்கும்போது, இப்படி ஒரு நோய் என்று வெளியே தெரிந்தால் என்ன பேச்சு வரும் என்ற கவலை. அது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. சரி என்றும் தோன்றவில்லை.

ரவிக்கைக்குள் வைக்க இலவம்பஞ்சில் சின்னதாக ஒரு திண்டு நானே தைத்தேன். அதை வைத்துக்கொண்டு வெளியே போனால் இடது கையால் சேலைத் தலைப்பை அணைத்தபடியே நடப்பேன். தைப்பூசத்தன்று தேர் பார்க்க நின்றபோது கூட்டத்தில் யாரோ முழங்கையால் இடித்து, திண்டு தோளுக்கு ஏறிவிட்டது. சுற்றிலும் தேங்காய் உடைகிற சத்தம். எல்லோரும் தேரைப் பார்த்தார்கள். எனக்கோ எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. சாமி வருவதற்குள் ஓடி வந்துவிட்டேன். அதற்குப்பின் கோயில் இல்லை, கடற்கரை இல்லை.

பஞ்சுத் திண்டைத் துவைத்தால் எளிதில் காயாது. ஒருநாள் கொல்லைக் கொடியில் ஒரு துண்டுக்கு அடியில் மறைத்துப் போட்டிருந்தேன். கடற்காற்று துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சந்தின் அந்தப் பக்கம் அம்மி அரைத்துக்கொண்டிருந்த ஆமினா லாத்தா நிமிர்ந்தார்.

“என்னா புள்ள, பொடிசா ஒரு தலவாணி காயுது? கொழந்தைக்கா?”

“இல்ல லாத்தா. அது... ஊசி செருகி வைக்கிற மெத்தை.”

“அம்மாடி! உன் வூட்டு ஊசியெல்லாம் கால நீட்டிப் படுத்துத் தூங்குமோ?”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நான் திண்டை எடுக்க எந்தக் கையைத் தூக்குகிறேன் என்று பார்த்தார்.

“தைப்பிங்ல மழை ஜாஸ்தியாச்சே. நனஞ்சியா?”

திண்டைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டேன்.

அவர் அம்மியைவிட்டு எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், சந்தைத் தாண்டி எங்கள் வேலியோரம் வந்தார். குரல் இறங்கிவிட்டது.

“எனக்கும் ஒண்ணு இருக்கு தங்கச்சி. டாக்டர் எடுக்கணும்ங்கறாரு. நான் முடியாதுன்னுட்டு வந்துட்டேன். எங்க வூட்டு ஆளுக்கு இன்னும் சொல்லல. உன்கிட்ட வரட்டுமா?”

அந்த மாடியறை

வந்தார். கதவைச் சாத்தினார். “காட்டு” என்றார்.

அதுவரை டாக்டரையும் மிஸ்ஸியையும் தவிர நான் அதை யாருக்கும் காட்டியதில்லை. கண்ணாடிமேல் ஒரு துணியைப் போட்டு வைத்திருந்தேன். கப்பல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் என் கணவர், நான் உடுத்தும் நேரத்தில் பத்திரிகையை விரித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவர் திரும்பினாரா, பார்க்கப் பிடிக்காமல் திரும்பினாரா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ரவிக்கை முடிச்சை அவிழ்க்க எனக்கு நெடுநேரம் ஆனது. லாத்தா அவசரப்படுத்தவில்லை. வெயில் கோட்டுக்குள் நான் நின்றேன். அவர் கிட்டே வந்து, துணிக்கடையில் சேலையின் நெசவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இவ்ளோதானா?”

ரவிக்கையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“பள்ளம் தோண்டின மாதிரி இருக்கும்னுல்ல நெனச்சி ஒரு மாசமா சோறு எறங்காம கெடக்கேன். இது தச்ச கோடு. நல்ல தையக்காரன்தான் லா அந்த டாக்டரு.”

ஒரு விரலால் தொட்டார். “வலிக்குதா?”

“இல்ல. மரத்துக் கிடக்கு. நீங்க தொடறதே தெரியல.”

தொட்டது தெரியவில்லை, விரலின் சீரக வாசனை தெரிந்தது. குனிந்து பார்த்தேன். அன்றுதான் நானும் முதல்முறையாக அதை முழுக்கப் பார்த்தேன். வெளிறிய ஒரு கோடு, ஓரத்தில் சற்றே சுருங்கி. பல மாதமாக நான் பயந்துகொண்டிருந்த பொருளுக்கு என் மனத்தில் இதைவிடப் பெரிய உருவம் இருந்தது.

“அம்மி அரைக்க முடியுமா?”

“உடனே முடியாது. சுவத்துல விரல வச்சி ஏறணும். நாளாகும்.”

“எங்க வூட்டு ஆளு தோள்ல ரெண்டு கூடை. ஒண்ண எறக்கிட்டா மத்தது கவுந்துரும். ஒத்தக் கூடைய வச்சிக்கிட்டு நான் எப்படி லா நேரா நடப்பேன்?”

“நான் நடக்கலையா?”

“நீயா? நீ நண்டு மாதிரி ஒருக்களிச்சில்ல போற! தெருவே பாக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. பிறகு இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், செல்லம் எழுந்துவிடுவாளே என்று.

சிரித்து ஓய்ந்ததும் அவர் பாயில் உட்கார்ந்தார். “தாக்குட்டா இருக்கு லா” என்றார். பயம் என்பதை அவர் எப்போதும் மலாயில்தான் சொல்வார். தமிழில் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

டாக்டர் என்னிடம் அப்படி எந்த வாக்கும் கொடுத்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்பதோடு சரி. எனக்குத் தெரியாது லாத்தா என்று சொல்லியிருக்கவேண்டும். தெரியாது, ஆனாலும் போங்கள், நான் போனேனே என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் அவர் முகம் இருந்த இருப்பில் எனக்கு அத்தனை சொற்கள் வரவில்லை. ஒன்று வந்தது. சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமே அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

இரண்டு சுவர்கள்

அவர் பிழைத்து வந்தார். வந்ததும் அடுப்படிச் சுவரில் ஏற ஆரம்பித்தார். பென்சில் கிடையாது, மஞ்சள் விரலாலேயே கோடு. மதியமானால் சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும்.

“தங்கச்சி! இன்னிக்கு மசாலா டப்பா பலகையத் தொட்டுட்டேன்!”

“அது எவ்வளவு உயரம் லாத்தா?”

“உன் பென்சிலுக்கு மேல!”

இடது கையால் அம்மி அரைக்கப் பழகினார். கறி கொரகொரப்பாக இருக்கிறது என்று துறைமுகத்தில் சொன்னார்களாம். “திங்கிற வாய்க்குப் பல்லு எதுக்கு இருக்கு?” என்று கணவரிடம் சொல்லி அனுப்பினாராம்.

எனக்கும் ஏதோ நடந்தது. ஒருநாள் கடற்கரைத் திடலுக்குப் போனேன். செல்லம் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இழுத்தாள். பாதி வழி போனபின்தான் நான் தலைப்பை அணைக்காமல் நடக்கிறேன் என்பதைக் கவனித்தேன். காற்று இரண்டு பக்கமும் ஒன்றாக வீசியது. தொங்கான் படகுகள் பாய் விரித்து, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடித் துணியை அன்று எடுத்துவிட்டேன்.

மிளகளவு

தைரியம் வந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

தலை வலித்தால் அது தலைக்கு ஏறிவிட்டதோ என்பேன். இருமினால் நெஞ்சுக்குள்ளோ என்பேன். செல்லத்தைக் குளிப்பாட்டும்போது அவள் அக்குளைத் தடவிப் பார்ப்பேன். அவள் கூச்சத்தில் சிரிப்பாள். இதற்கு முன் இரண்டு தரம் தழும்பில் ஏதோ தட்டுகிறது என்று டாக்டரிடம் ஓடினேன். இரண்டு தரமும் உள்ளே விட்ட நூலின் முடிச்சு என்று சொல்லி அனுப்பினார். இரண்டாம் தரம் மிஸ்ஸி என்னைப் பார்த்துப் புன்னகை செய்ததாக எனக்குப் பட்டது. அதனால் இந்த முறை நாளைத் தள்ளினேன். இருபது நாளாகிறது. இதுவும் முடிச்சாகவே இருக்கலாம். ஆனால் முடிச்சு தழும்பின் இந்த ஓரத்தில் இருந்ததில்லை.

நேற்றுக் காலை என் கணவரிடம் சொல்லிவிட்டேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எங்க?”

காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை. விரலை வைத்துப் பார்த்தார்.

“வியாழக்கெழம லீவு சொல்லட்டுமா?”

“வேண்டாங்க. லாத்தாவுக்கும் அன்னிக்குத்தான் காட்டற நாள். ரெண்டு பேரும் ஒண்ணாப் போறதாப் பேச்சு.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. அதுதான் என் சங்கடம். இப்போது சொன்னால், நான் வராது என்று சொன்னது என்ன ஆகிறது? தன் மார்பையும் தன் வலது கையின் பலத்தையும் அந்தச் சொல்லுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். பலகையைத் தொட்டுவிட்டேன் என்று சந்துக்கு எதிரிலிருந்து கூவுகிறவரின் குரல் நின்றுபோகுமோ?

சொல்லாமலிருந்தால் வேறொரு பயம். நாளைக்கு அவர் விரலில் ஒன்று தட்டினால், தங்கச்சிக்கு வரவில்லையே, எனக்கு மட்டும் எப்படி என்று வெட்கப்பட்டு மறைத்துவிட்டால்? நான் இருபது நாள் மறைத்தேனே. படித்திருந்தும் எனக்கு இந்தப் புத்திதான்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எங்கள் சந்துமுனைக் கடையில் இந்தப் பத்திரிகையை உரக்கப் படிப்பவர் ஒருவர் இருக்கிறார். அதனால்தான் பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்றினாலும் அம்மிக் கதை காதில் விழுந்தால் அவருக்குப் புரிந்துவிடும். யாராவது படித்துக் காட்டிவிடட்டும் என்றுதான் எழுதுகிறேனோ? அப்படியானால் அது கோழைத்தனம். இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

சகோதரிகளுக்கு

உங்களில் இந்த நோயைக் கண்டவர்கள் இருப்பீர்கள். அல்லது கண்டவர்களின் அருகில் இருந்திருப்பீர்கள். எங்கும் வெளியே சொல்லியிருக்கமாட்டீர்கள்; எனக்கு எழுதுங்கள், பெயர் போடவேண்டாம்.

நான் டாக்டரிடம் போவது உறுதி. அதற்கு யோசனை கேட்கவில்லை. லாத்தாவிடம் சொல்லப்போவதும் உறுதி என்று இதை எழுதி முடிக்கும்போது தெரிகிறது. எப்போது என்பதுதான் தெரியவில்லை. ரிக்‌ஷாவில் ஏறுமுன் சொல்லிவிட்டால், அவரும் என்னோடு சேர்ந்து அந்த அறைவாசலில் காத்திருந்து நடுங்குவார். டாக்டர் பார்த்தபின் சொன்னால், வழியெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வந்தவரிடம் நான் மறைத்ததாகும். நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் எதை விரும்புவீர்கள்? எந்தச் சொல்லால் தொடங்கினால் உங்களுக்குத் தாங்கும்?

உங்கள் கடிதம் வருவதற்குள் இந்த வியாழக்கிழமை போய்விடும். ஆனாலும் எழுதுங்கள். எங்கள் இருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை வந்துகொண்டேதான் இருக்கும்.